கோ ஆட்டம்: தொடக்கநூலை எப்படிப் படிப்பது, எங்கே மூடி வைப்பது

கோ என்ற பலகை ஆட்டத்தின் விதிகளைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அதற்கென்று ஒரு தொடக்கநூலை வாங்கினால் நூற்றைம்பது பக்கத்துக்குக் குறையாமல் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பலர் ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள். முதல் அத்தியாயத்தை ஆர்வமாகப் படிப்பார்கள். ஐந்தாம் அத்தியாயத்துக்கு வரும்போது படங்கள் எல்லாம் ஒரே மாதிரியான கறுப்பு வெள்ளை வட்டங்களாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்புறம் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும்.

இது நடக்க வேண்டியதே இல்லை. கோ தொடக்கநூலில் இருக்கும் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஒரு விதியிலிருந்து முளைப்பவை. அந்த விதியைப் பலகையின் ஒரு மூலையில் காய்களை வைத்துப் பார்த்துப் புரிந்துகொண்டு, புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நாள் ஆடி, மறுபடி திறந்தால் அதே பக்கங்கள் பேச ஆரம்பித்துவிடும். அந்த விதி என்ன, அந்த மூலை எது, புத்தகத்தை எங்கே மூட வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முன்கதை சுருக்கமாக. கோ சீனாவில் பிறந்து 2,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அங்கே அதன் பெயர் வெய்ச்சி, கொரியாவில் பதுக், ஜப்பானில் இகோ. 1600-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தொக்குகாவா அரசு, கோ வல்லுநர்களுக்கு மானியம் கொடுத்து ஆட்டத்தை வளர்க்கத் தொடங்கியது. ஹோனின்போ, இனோவே, யாசுயி, ஹயாஷி என்ற நான்கு குருகுலங்கள் தலைமுறை தலைமுறையாக இதையே தொழிலாகச் செய்தன. மேற்கு நாடுகளுக்கு ஆட்டம் பெரும்பாலும் ஜப்பான் வழியாகப் போனதால், ஆங்கிலத்தில் கிடைக்கும் தொடக்கநூல்களில் அடாரி, ஷிச்சோ, ஜோசெகி என்று ஜப்பானியச் சொற்களே நிறைந்திருக்கும். அவற்றைக் கண்டு மிரள வேண்டாம். முதல் மாதத்துக்கு அதிகபட்சம் நாலைந்து போதும்.

பலகையும் காய்களும்

முழுப் பலகையில் குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு. அவை சந்திக்கும் புள்ளிகள் 361. காய்களைக் கட்டத்துக்குள் வைப்பதில்லை, கோடுகள் சந்திக்கும் புள்ளியில் வைக்கிறோம். ஆடுபுலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது பழகிய விஷயம். அங்கே ஆடுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துப் புலியை நகரவிடாமல் அடைக்கிறோமே, அந்தக் குணமும் கோ ஆட்டத்தில் உண்டு. ஆனால் இங்கே வைத்த காய் நகராது. எதிராளி பிடித்தால் மட்டுமே பலகையை விட்டுப் போகும். எல்லாக் காய்களும் ஒரே தரம். ராஜாவும் இல்லை, சிப்பாயும் இல்லை. கறுப்பு முதலில் வைக்கும், பிறகு வெள்ளை, அப்படியே மாறி மாறி. முறை வந்தும் வைக்க விருப்பமில்லை என்றால் ‘பாஸ்’ சொல்லிவிடலாம். இருவரும் அடுத்தடுத்துப் பாஸ் சொன்னால் ஆட்டம் முடிந்தது. யார் அதிக நிலத்தை வளைத்திருக்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

தொடங்குவதற்கு 19 கோட்டுப் பலகை வேண்டவே வேண்டாம். ஒரு அட்டையில் குறுக்கே ஒன்பது, நெடுக்கே ஒன்பது கோடு போடுங்கள். 81 புள்ளி கிடைக்கும். ஒரு பக்கத்துக்குப் புளியங்கொட்டை, இன்னொரு பக்கத்துக்கு வெள்ளைச் சட்டைப் பொத்தான். ஒரு கையில் புத்தகம், எதிரே இந்த அட்டை. இவ்வளவு இருந்தால் படிப்பைத் தொடங்கலாம். அட்டை இல்லாமல் புத்தகத்தை மட்டும் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கண் படத்தைத் தாண்டிப் போய்விடும். கை காயை வைத்தால்தான் மனம் அங்கே நிற்கும்.

ஒரே விதி

இதுதான் அந்த விதி: ஒரு காய் பலகையில் நிற்க, அதை ஒட்டிய புள்ளிகளில் ஒன்றாவது காலியாக இருக்க வேண்டும். கோட்டின் வழியாக நேராக ஒட்டியவை மட்டுமே கணக்கு, மூலைவிட்டம் கணக்கில்லை. அந்தக் காலிப் புள்ளிகளை நான் மூச்சு என்று சொல்கிறேன். ஆங்கில நூல்களில் லிபர்ட்டி என்று இருக்கும். கடைசி மூச்சையும் எதிராளி அடைத்துவிட்டால் காய் பிடிபடும், பலகையிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

நடுப்பலகையில் தனியாக நிற்கும் காய்க்கு நான்கு மூச்சு. ஓரத்தில் நிற்பதற்கு மூன்று. மூலைப் புள்ளியில் நிற்பதற்கு இரண்டே இரண்டு. அட்டையில் வைத்து எண்ணிப் பாருங்கள்.

ஒரே நிறக் காய்கள் கோட்டின் வழியே பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அவை ஒரு கூட்டம். கூட்டத்துக்கு மூச்சும் பொது, சாவும் பொது. நடுவில் இரண்டு காய்கள் ஒட்டி நின்றால் ஆறு மூச்சு. பிடிக்க வேண்டுமென்றால் ஆறையும் அடைத்து இரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்க முடியும். ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க வழியில்லை. மூலைவிட்டத்தில் நிற்கும் இரண்டு காய்கள் இன்னும் ஒரு கூட்டமாகவில்லை. அவற்றுக்கிடையே இரண்டு இணைப்புப் புள்ளிகள் இருக்கின்றன. எதிராளி ஒன்றில் வைத்தால் நீங்கள் மற்றதில் வைத்து இணைத்துக்கொள்ளலாம். அதனால் இப்போதைக்குக் கவலையில்லை, ஆனால் எதிராளி அந்த இரண்டு புள்ளியிலும் வைத்துவிட்டால் பிரிந்துபோகும். தொடக்கநூலில் ‘வெட்டுவது’, ‘இணைப்பது’ என்று ஒரு முழு அத்தியாயம் வரும். அதன் அடிப்படை இவ்வளவே.

ஒரு மூச்சு மட்டும் மிச்சமிருக்கும் நிலைக்குப் பெயர் அடாரி. எதிராளியின் அடுத்த காயிலேயே பிடிபடப் போகிறது என்று பொருள். செஸ்ஸில் ‘செக்’ சொல்வது போல அடாரியைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் புதியவர்களோடு ஆடும்போது சொல்வது நல்ல பழக்கம்.

அடாரியில் மாட்டிய காய் ஒன்று தப்பி ஓடப் பார்த்தால் என்ன ஆகும்? இங்கே தொடக்கநூலின் முதல் அழகான பக்கம் வரும், ஷிச்சோ. ஏணி என்று சொல்லலாம். ஓடும் காய் ஒரு அடி நீண்டால் அதற்கு இரண்டு மூச்சு கிடைக்கும். துரத்துபவர் அதில் ஒன்றை அடைத்து மறுபடி அடாரியில் தள்ளுவார். அது இன்னொரு பக்கம் நீளும், மறுபடி அடாரி. இப்படிப் படிக்கட்டு வடிவில் வளைந்து வளைந்து போய்ப் பலகையின் ஓரத்தில் முட்டும்போது போக இடமில்லாமல் மொத்தக் கூட்டமும் பிடிபடும். ஆனால் போகும் வழியில் ஓடுபவரின் காய் ஒன்று முன்பே நின்றிருந்தால் கதை தலைகீழ். ஓடியவர் அதோடு சேர்ந்து தப்பிவிடுவார். துரத்தியவரின் காய்கள்தான் இருபக்கமும் ஓட்டை விழுந்து நிற்கும். அதனால் ஏணியைத் தொடங்குவதற்கு முன்பே அது எங்கே போய் முடியும் என்று மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கோ ஆட்டத்தில் ‘படிப்பது’ என்று சொல்வது இதைத்தான், இனி வரப்போகும் காய்களை வைக்காமலே பார்ப்பதை. முழுப் பலகையில் இந்த மூலையில் தொடங்கும் ஏணியை எதிர் மூலையில் இருக்கும் ஒற்றைக் காய் உடைக்கும். பலகை முழுதும் ஒரே ஆட்டம் என்பது முதன்முதலில் புரிவது இங்கேதான்.

ஒரு மூலை, மூன்று பாடம்

இப்போது அட்டையை எடுங்கள். இடமிருந்து எண்ணி முதல் எண், கீழிருந்து எண்ணி இரண்டாம் எண். 2-1 என்றால் இடமிருந்து இரண்டாம் கோடு, கீழிருந்து முதல் கோடு.

கறுப்பை 1-2, 2-2, 3-2, 4-2, 4-1, 2-1 ஆகிய ஆறு புள்ளிகளில் வையுங்கள். வெள்ளையை வெளியே சுற்றி 1-3, 2-3, 3-3, 4-3, 5-2, 5-1 ஆகியவற்றில் வையுங்கள். கறுப்புக் கூட்டம் முழுவதும் சுற்றி வளைக்கப்பட்டுவிட்டது. வெளியே ஒரு மூச்சும் இல்லை. உள்ளே இரண்டு காலிப் புள்ளிகள் இருக்கின்றன, 1-1 ஒன்று, 3-1 ஒன்று.

வெள்ளை இதைப் பிடிக்க முடியுமா? 1-1-இல் வைக்கப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வைத்த வெள்ளைக் காயின் இரண்டு பக்கமும் கறுப்பு, மூச்சே இல்லை. கறுப்புக்கோ இன்னும் 3-1 மிச்சமிருக்கிறது, அதனால் கறுப்பு பிடிபடவில்லை. எதையும் பிடிக்காமல், தானும் மூச்சில்லாமல் நிற்கும்படி வைப்பதற்கு விதியில் இடமில்லை. சரி, 3-1-இல் வைத்தால்? அதே கதை, இப்போது 1-1 மிச்சம். இரண்டையும் ஒரே நேரத்தில் அடைத்தால்தான் பிடிக்க முடியும். ஒரு முறைக்கு ஒரு காய்தான். ஆகவே இந்தக் கூட்டத்தை யாராலும், எப்போதும் பிடிக்க முடியாது.

இந்தக் காலிப் புள்ளிகளுக்குத்தான் கண் என்று பெயர். இரண்டு கண் இருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. ஒன்றுதான் என்றால், சுற்றி வளைத்த பின் அந்த ஒன்றிலேயே எதிராளி வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவார். அப்போது அவர் காய்க்கு மூச்சில்லை என்ற பிரச்சினை இல்லை, ஏனென்றால் அவர் வைத்ததும் உங்கள் காய்கள் பிடிபட்டு இடம் காலியாகிவிடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, ‘இரண்டு கண் இருந்தால் சாகாது’ என்று விதிப்புத்தகத்தில் எங்கும் தனியாக எழுதியிருப்பதில்லை. மூச்சு விதியிலிருந்து தானாக வந்து விழுகிறது. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் இருக்கும் மதிப்பெல்லாம் இங்கிருந்துதான் வருகிறது. யாரும் உட்கார்ந்து ‘உயிர்’, ‘சாவு’ என்று விதி எழுதவில்லை. ஒரு சின்ன விதி போட்டார்கள், அதற்குள் அவை இருந்தன.

இரண்டாம் பாடம். அதே மூலையில் 4-2-இல் இருக்கும் கறுப்பை எடுத்துவிட்டு அங்கே வெள்ளையை வையுங்கள். மற்றவை அப்படியே இருக்கட்டும். மேலோட்டமாகப் பார்த்தால் கறுப்புக்கு இன்னும் 1-1, 3-1 என்று இரண்டு கண் இருப்பது போலவே தெரியும். ஆனால் 4-1-இல் நிற்கும் கறுப்புக் காயைப் பாருங்கள். மற்ற கறுப்போடு அதற்கு நேரடி இணைப்பு இல்லை. அதன் மேலே வெள்ளை, வலப்பக்கம் வெள்ளை. அதற்கு மிச்சமிருக்கும் ஒரே மூச்சு 3-1. அதாவது அது அடாரியில் இருக்கிறது. வெள்ளை இப்போது 3-1-இல் வைத்தால் 4-1 பிடிபட்டுவிடும். கண் என்று நினைத்தது கண் இல்லை, பொய்க்கண். காப்பாற்றலாம் என்று கறுப்பே 3-1-இல் வைத்து இணைத்தால், உள்ளே 1-1 ஒன்றுதான் மிஞ்சும். அடுத்து வெள்ளை அங்கே வைத்து எல்லாவற்றையும் எடுத்துவிடும்.

ஒரு கண்ணின் சுவராக நிற்கும் காய்கள் தங்களுக்குள் இணைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் மெய்க்கண்ணையும் பொய்க்கண்ணையும் பிரித்தறியும் வழி. தொடக்கநூலின் ‘உயிரும் சாவும்’ அத்தியாயத்தில் வரும் கணக்குகளில் பாதிக்கு மேல் இதைத்தான் வேறு வேறு உருவத்தில் கேட்கின்றன.

மூன்றாம் பாடமும் அதே மூலையில்தான். வெள்ளை 3-1-இல் வைத்து 4-1-ஐ எடுத்துவிட்டது. இப்போது அந்த வெள்ளைக் காயின் மூச்சை எண்ணுங்கள். இடப்பக்கம் கறுப்பு, மேலே கறுப்பு, வலப்பக்கம் 4-1 காலி. ஒரே மூச்சு! கறுப்பு 4-1-இல் திரும்ப வைத்தால் வெள்ளையைப் பிடித்துவிடலாம். உடனே வெள்ளை மறுபடி 3-1-இல் வைத்துக் கறுப்பைப் பிடிக்கலாம். பிறகு கறுப்பு, பிறகு வெள்ளை. இப்படியே போனால் ஆட்டம் முடியவே முடியாது. அதற்காகத்தான் ஒரு தடை: ஒற்றைக் காயை இப்படிப் பிடித்தவுடன், எதிராளி அடுத்த காயிலேயே அதை மறுபிடி பிடித்துப் பலகையைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடாது. நடுவில் வேறு எங்காவது ஒரு காய் வைத்துவிட்டு, அதன் பிறகும் வாய்ப்பிருந்தால் பிடிக்கலாம். இந்த நிலையின் ஜப்பானியப் பெயரைத் தமிழில் எழுதினால் ஆட்டத்தின் பெயரைப் போலவே ‘கோ’ என்று வந்து குழப்பும். அதனால் மறுபிடி என்றே சொல்கிறேன்.

தடை எளிது, அதன் விளைவு எளிதில்லை. கறுப்பு வேறு எங்காவது வைக்க வேண்டும் என்கிறோமே, எங்கே வைக்கும்? வெள்ளை பதில் சொல்லியே ஆக வேண்டிய இடமாகப் பார்த்து, ஒரு பெரிய கூட்டத்தை மிரட்டுவது போல வைக்கும். வெள்ளை அங்கே பதில் சொல்லப் போனால் கறுப்பு திரும்பி வந்து இங்கே மறுபிடி பிடிக்கும். இப்போது மிரட்டல் தேட வேண்டியது வெள்ளை. யாரிடம் மிரட்டல் தீர்ந்துபோகிறதோ அவர் தோற்பார். நம் மூலையில் கறுப்புக்கு இது பெரிய லாபமில்லை. ஒவ்வொரு முறையும் ஜெயித்தாலும் பொய்க்கண் மெய்க்கண் ஆகிவிடாது. ஆனால் பல இடங்களில் ஒரு முழுக் கூட்டத்தின் உயிர் இந்த ஒற்றைக் காயில் தொங்கும். தொடக்கநூல் இதை ஒரு பக்கத்தில் முடித்துவிடும். நீங்களும் இப்போதைக்குத் தடையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், மிரட்டலெல்லாம் ஆடும்போது தானே வரும்.

இங்கே புத்தகத்தை மூடுங்கள்

மூச்சு, அடாரி, ஏணி, இரண்டு கண், பொய்க்கண், மறுபிடி. பெரும்பாலான தொடக்கநூல்களில் இது முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் வந்துவிடும். இதைத் தாண்டி ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் ஒன்பது கோட்டுப் பலகையில் ஆட ஆரம்பியுங்கள். வீட்டில் ஆள் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஆன்லைன் கோ சர்வர் போன்ற இலவசத் தளங்களில் ஒன்பது கோட்டு ஆட்டத்துக்கு ஆள் கிடைப்பார்கள். சின்னப் பலகையில் இருபது நிமிடத்துக்குள் ஆட்டம் முடிந்துவிடும். பிடிப்பதும் பிடிபடுவதும் ஓயாமல் நடக்கும். புத்தகத்தில் படித்தது கையில் ஏற அதுதான் வழி.

புள்ளி எண்ணுவதில் மட்டும் புதியவர்களுக்குக் கொஞ்சம் தடுமாற்றம் வரும், ஏனென்றால் இரண்டு முறைகள் உண்டு. ஜப்பானிய முறையில் நீங்கள் வளைத்த காலிப் புள்ளிகளும் நீங்கள் பிடித்த கைதிக் காய்களும் சேர்ந்து உங்கள் புள்ளி. சீன முறையில் வளைத்த காலிப் புள்ளிகளும் பலகையில் உயிரோடு நிற்கும் உங்கள் காய்களும் சேர்ந்து புள்ளி. பெரும்பாலும் இரண்டிலும் வெற்றி தோல்வி மாறாது. உங்கள் புத்தகம் அநேகமாக ஜப்பானிய முறையைச் சொல்லித்தரும். ஆனாலும் தொடக்கத்தில் சீன முறையில் எண்ணுவதே நல்லது என்பது என் கருத்து. ஜப்பானிய முறையில் சொந்த நிலத்துக்குள் தேவையில்லாமல் காய் வைத்தால் ஒரு புள்ளி குறையும். அதனால், ‘இந்தக் கூட்டம் செத்துவிட்டதா, உயிரோடு இருக்கிறதா’ என்ற சந்தேகத்தை ஆடியே தீர்த்துக்கொள்ளப் புதியவர்கள் தயங்குவார்கள். சீன முறையில் அந்தப் பயம் இல்லை. சந்தேகமா, வைத்துப் பிடித்துக் காட்டிவிடலாம்.

கறுப்பு முதலில் வைப்பது ஒரு சாதகம் என்பதால் வெள்ளைக்கு ஈடாகச் சில புள்ளிகள் கொடுப்பார்கள். அதன் பெயர் கோமி. இப்போது ஜப்பானிலும் கொரியாவிலும் ஆறரை, சீனாவில் ஏழரை. அந்த அரை, சமநிலை வராமல் இருக்க. நீங்களும் நண்பரும் முதல் சில வாரம் கோமியை மறந்துவிட்டு ஆடலாம்.

படங்களை எப்படிப் படிப்பது

சில வாரம் ஆடிவிட்டுத் திரும்பப் புத்தகத்தைத் திறக்கும்போது, படங்களின் மொழி தெரிந்திருந்தால் வேகம் கூடும். பல நூல்கள் இதை விளக்காமலே தொடங்கிவிடுகின்றன.

எண் இல்லாத காய்கள் முன்பே பலகையில் இருப்பவை. எண் போட்டவை இனி வைக்கப்படுபவை, அந்த வரிசையில். முக்கோணம் போட்ட காய் புதியதல்ல. விளக்கத்தில் ‘இந்தக் காய்’ என்று குறிப்பிடுவதற்காகப் போட்ட அடையாளம். எழுத்து போட்ட காலிப் புள்ளி ‘இங்கே வைத்தால் என்ன ஆகும்’ என்று பேசப்படும் இடம். பிடிபட்டு எடுக்கப்பட்ட காயின் இடத்திலேயே இன்னொரு காய் வந்தால் ஒரே படத்தில் இரண்டையும் காட்ட முடியாது. அதனால் படத்துக்குக் கீழே ‘6, 3-இன் இடத்தில்’ என்பது போல ஒரு குறிப்பு இருக்கும். ஒரு எண்ணைக் காணோமே என்று தேடும்போது முதலில் அந்த வரியைப் பாருங்கள்.

படத்தின் விளிம்பைக் கவனிப்பது மிக முக்கியம். பெரும்பாலும் பலகையின் ஒரு துண்டைத்தான் அச்சிடுவார்கள். எந்தப் பக்கம் கோடு முடிந்து ஒரு எல்லைக்கோடு தெரிகிறதோ அதுதான் பலகையின் ஓரம். கோடுகள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும் பக்கம், பலகை அங்கே தொடர்கிறது. ஓரத்தில் மூச்சு குறைவு என்று முன்பே பார்த்தோம். ஓரமா நடுவா என்று தெரியாமல் கணக்கைப் பார்த்தால் விடை எப்படி வந்தது என்றே புரியாது.

பாடத்தில் வரும் படங்களைக் காய் வைத்துப் பாருங்கள். பயிற்சிக் கணக்குகளுக்கு மட்டும் காய் வைக்காதீர்கள். அவற்றை மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்து, முதல் காய் மட்டுமல்ல, எதிராளியின் பதில், உங்கள் அடுத்த காய் எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகே விடையைப் பார்க்க வேண்டும். நிமிடக் கணக்கில் முறைத்தும் வரவில்லையென்றால் விடையைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள், ஒரு வாரம் கழித்து அதே கணக்கு. கடினமான பத்துக் கணக்கை விட, எளிய நூறு கணக்கைப் பார்த்தவுடன் விடை தெரியும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்வது தொடக்கத்தில் அதிகப் பலன் தரும். தவறான விடைக்கும் ஒரு படம் கொடுத்திருப்பார்கள். அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் மனதில் தோன்றியது ஏன் தோற்கிறது என்று சொல்லும் ஒரே இடம் அது.

இந்த நூல்களை எழுதியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் முதல்நிலை ஆட்டக்காரர்களே தொடக்கக்காரர்களுக்காக எழுதும் வழக்கம் உண்டு. ஆங்கிலத்தில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் தொடக்கநூல் ஒன்றை எழுதிய இவாமோட்டோ காவோரு, 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஹிரோஷிமாவின் புறநகரில் ஹஷிமோட்டோ உத்தாரோவுக்கு எதிராக, பழைய குருகுலத்தின் பெயரைக் கொண்ட ஹோனின்போ பட்டத்துக்கான ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். அணுகுண்டு வெடித்த அதிர்ச்சியில் பலகை கலைந்தது. பிறகு காய்களைப் பழைய இடங்களில் திரும்ப வைத்து அன்றே ஆட்டத்தை முடித்தார்கள், இவாமோட்டோ தோற்றார். அடுத்த ஆண்டு பட்டத்தை வென்றார். பின்னாளில் ஆம்ஸ்டர்டாம், சியாட்டில் போன்ற ஊர்களில் கோ மையங்கள் அமையத் தம் பணத்தைக் கொடுத்தார். வெளிநாட்டில் ஒரு புதியவர் இந்த ஆட்டத்தைக் கற்க வேண்டும் என்பது அவருக்கு அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது.

பெரிய பலகைக்குப் போகும்போது

ஒன்பதிலிருந்து பதின்மூன்று, அங்கிருந்து பத்தொன்பது. பெரிய பலகையில் முதல் கேள்வி, காலியாகக் கிடக்கும் 361 புள்ளியில் எங்கே வைப்பது? மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு என்று எல்லா நூலும் சொல்லும். ஏன் என்பதை அட்டையில் நீங்களே எண்ணிவிடலாம். மும்மூன்றாக ஒன்பது காலிப் புள்ளியை மூலையில் வளைக்க ஆறு காய் போதும். பலகையின் ஓரமே இரண்டு பக்கமும் சுவராகிவிடுகிறது. ஓரத்தில் வளைக்க ஒன்பது காய். நடுவில் பன்னிரண்டு.

பலம் குறைந்தவர் பலம் கூடியவரோடு ஆடக் கோ ஆட்டத்தில் அருமையான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பலகையில் ஒன்பது இடங்களில் சின்னப் புள்ளி போட்டிருப்பார்கள். பலம் குறைந்தவர் கறுப்பை எடுத்துக்கொண்டு, திறமை வித்தியாசத்துக்கு ஏற்ப இரண்டிலிருந்து ஒன்பது காய் வரை அந்தப் புள்ளிகளில் முன்கூட்டியே வைத்துக்கொள்வார். அப்புறம் வெள்ளை தொடங்கும். தரவரிசையில் ஒரு படி வித்தியாசத்துக்குச் சுமார் ஒரு காய். கீழ்ப் படிகளுக்கு க்யூ என்று பெயர்; புதியவர் முப்பதாம் க்யூவில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், எண் குறையக் குறையத் திறமை கூடும். முதல் க்யூவைத் தாண்டினால் டான் என்ற மேல் படிகள். இப்படிக் காய் வாங்கிக்கொண்டு ஆடுவதில் வெட்கம் எதுவும் இல்லை. இருவரும் முழுக் கவனத்தோடு ஆட முடிகிறது, அதுதான் லாபம்.

இந்தக் கட்டத்தில் கற்க வேண்டிய இன்னொரு சொல் சென்டே. நீங்கள் வைத்ததும் எதிராளி பதில் சொல்லியே தீர வேண்டும் என்றால் சென்டே உங்கள் கையில், அதாவது அடுத்து எங்கே வைப்பது என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். பதில் தேவைப்படாத இடத்தில் வைத்துவிட்டால் அது எதிராளி கைக்குப் போய்விடும். ஒவ்வொரு முறையும் எதிராளி வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பதில் வைப்பது புதியவர்களின் பொதுப் பழக்கம். ‘நான் பதில் சொல்லாவிட்டால் என்ன இழப்பேன்’ என்று ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். பல நேரம் பலகையின் வேறு மூலையில் இதைவிடப் பெரிய வேலை காத்திருக்கும்.

கடைசியாக ஜோசெகி. மூலையில் இருவரும் சமமாகப் பங்கு பிரித்துக்கொள்ளும் வழக்கமான காய்வரிசைகள் இவை. பழைய தொடக்கநூல்களில் இதற்குப் பல பக்கங்கள் இருக்கும். மனப்பாடம் செய்யாதீர்கள். புதியவருக்கு எதிரே உட்காரும் இன்னொரு புதியவர் மூன்றாவது காயிலேயே வரிசையை விட்டு விலகிவிடுவார். இன்னொரு காரணமும் உண்டு. 2016 மார்ச்சில் சியோலில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் கொரிய ஆட்டக்காரர் லீ செடோலை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்ற பிறகு, தொழில்முறை ஆட்டக்காரர்கள் தொடக்க ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள். எதிராளி நாலாம் கோட்டுப் புள்ளியில் வைத்த மூலைக்குள், ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே 3-3 புள்ளியில் நுழைவது தவறு என்று பழைய நூல்கள் சொல்லிவந்தன. எதிராளிக்கு வெளியே பலமான சுவரைக் கொடுத்துவிடுகிறோம் என்பது வாதம். இப்போது அது முதல்நிலை ஆட்டங்களில் அன்றாடம் வரும் ஆட்டம். ஆகவே மூச்சு, கண், ஏணி, மறுபிடி பற்றிய அத்தியாயங்களை எந்தக் காலத்துப் புத்தகத்திலும் நம்பிப் படிக்கலாம். பழைய புத்தகக் கடையில் அரைவிலைக்குக் கிடைத்ததே போதும். தொடக்க ஆட்டத்தைப் பற்றிய பகுதியை மட்டும் 2016-க்குப் பின் எழுதப்பட்ட ஒரு நூலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் பத்தொன்பது கோட்டில் ஓரளவு ஆடிப் பழகிய பிறகு போதும்.